நல்லாப் பேசினவர்

நான் முதலில் சந்தேகப்பட்டது அவருடைய முதுகை. லண்டன் கோலியர்ஸ் வுட்டில், பனியில் வழுக்கி ஓடும் ஸ்கீக் கட்டைகள் விற்கும் கடையொன்றின் பின்னறை அது. இஸ்திரிப் பெட்டியில் மெழுகை உருக்கிக் கட்டையின் அடிப்பக்கத்தில் சொட்டவிடும்போதெல்லாம் அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எந்தக் கட்டைக்கு எந்த மெழுகு என்று நான் பார்த்துவிடக் கூடாதாம். ஆறியபின் சுரண்டி, பிரஷ் போட்டு மினுக்கி, ஒவ்வொரு சோடியிலும் ஒரு நம்பரை மட்டும் எழுதித் தருவார். எந்த நம்பர் எந்த மெழுகு என்பது அவருடைய சட்டைப் பைக்குள் இருந்த சின்னக் குறிப்புக் கொப்பிக்குத்தான் தெரியும். நான் கிட்டப் போனால் கொப்பியை மூடிவிடுவார். அது எண்பதுகளின் கடைசி. சண்டை நடந்த ஊரில் ஆர் ஆரைக் காட்டிக் கொடுப்பான் என்று தெரியாமல் நாட்களைக் கழித்துவிட்டுத் தப்பி வந்தவன் நான். கொப்பியை மூடுகிற மனிதரைக் கண்டாலே நான் ஓரடி விலகி நிற்பேன்.

அவர் மலேசியத் தமிழர். லண்டனுக்கு ரசாயனம் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. மலேசியா அண்ணை என்று கூப்பிடுவேன். நெடுந்தூர ஸ்கீ ஓட்டக் குழு ஒன்றுக்கு எங்கள் கடைதான் மெழுகு பூசிக் கொடுத்தது. லண்டனில் ஸ்னோ எங்கே கிடக்கிறது? போட்டி என்றால் கட்டைகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்கொட்லாந்துக்குப் போவோம். அங்கே எனக்கொரு கண்டறியாத வேலை. ஒரே சரிவில், ஒவ்வொரு சோடியாகக் காலில் மாட்டிக்கொண்டு, தள்ளாமல் உதைக்காமல் மேலிருந்து கீழே வழுக்கி வர வேண்டும். எந்தச் சோடி கூடத் தூரம் போய் நிற்கிறதோ, அதன் மெழுகுதான் அன்றைய ஸ்னோவுக்குச் சரி. ஒரே ஆள், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. கீழே நின்று தூரத்தை அளந்து கொப்பியில் எழுதுவார். வழுக்குகிறவனுக்கு மெழுகின் பெயர் தெரிந்தால் அவன் உடம்பு தன்னையறியாமல் தனக்குப் பிடித்த மெழுகின் பக்கம் சாயும், அதனால்தான் அத்தனை ஒளிப்பு என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது நான் நினைத்ததெல்லாம், இந்த ஆள் என்னைப் பற்றித்தான் ஏதோ எழுதுகிறார் என்று.

எனக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு கடிதம். என் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் மாதக்கணக்காக இருந்தாள். அவளைக் கூப்பிடுவதென்றால் எனக்கு நிரந்தர வேலை என்று முதலாளி எழுதித் தர வேண்டும். நானோ தற்காலிகம். இன்றைக்கு வா, நாளைக்கு வேண்டாம் என்கிற சாதி. இது கடையில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஸ்கொட்லாந்துக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, மலேசியா அண்ணை கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "தம்பி, முதலாளிகிட்ட உன்னப் பத்தி நல்லா பேசிட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டு வேறு சொன்னார்.

எங்கள் ஊரில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. பேசுவது என்றால் ஏசுவது. நல்லாப் பேசுவது என்றால் கிழிகிழியென்று கிழிப்பது. ஆக, என்னை முதலாளியிடம் ஏசிவிட்டு வந்து சிரிக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து என்னோடு அறையில் இருந்த நண்பனிடம் சொன்னேன். அவன் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டான்.

"நல்லாப் பேசினவராமோ? அதை உன்னட்டையே வந்து சொல்லுறாரோ? என்ன நெஞ்சழுத்தம்! உன்ரை வேலை போச்சுது, மச்சான்."

"ஓம், அதுக்குத்தான் அந்தக் கொப்பி" என்றேன். சரி, என்னை விழுத்துகிறவரை நான் சும்மா விடுவதா?

போட்டியன்று விடியச் சோதனை. நாலு சோடி. இரண்டாம் நம்பர் காலுக்குக் கீழே எண்ணெய் மாதிரிப் போனது. நாலாம் நம்பர் இழுத்துப் பிடித்தது. இரண்டில் வேண்டுமென்றே நெஞ்சை நிமிர்த்தி, காற்று முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். நாலில் சரிவின் மேட்டில், பனிப்புகார் மறைத்த இடத்தில், காற்றுப் படாமல் முழங்காலை மடித்துக் குனிந்தேன். ஒவ்வொரு சோடியிலும் மூன்று தரம் வழுக்கினேன். நாலில் ஒவ்வொரு தரமும் முன்னையதைவிட இன்னும் கொஞ்சம் குனிந்தேன். அவர் அளந்தார், எழுதினார், நெற்றியைச் சுருக்கினார். நேரம் இருக்கவில்லை. குழு முழுவதற்கும் நாலாம் நம்பர் மெழுகைப் பூசினார்.

எங்கள் ஓட்டக்காரர் எல்லோரும் கடைசியாக வந்தார்கள். ஒரு பெடியன் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதான். எனக்கு அப்போதும் மனம் இளகவில்லை. அவ்வளவு கேடுகெட்ட எளிய புத்தி.

திங்கட்கிழமை முதலாளி பின்னறையில் நின்று கத்தினார். சோதனையில் என்ன பிழை என்று கேட்டார். மலேசியா அண்ணை என்னை ஒருதரம் பார்த்தார். போட்டுக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர், சோதனை சரிதான், கொப்பியைத் தான்தான் பிழையாக வாசித்துவிட்டதாகச் சொன்னார். அன்று பின்னேரமே அவருக்கு வேலை போனது.

வெள்ளிக்கிழமை முதலாளி என் கையில் கடிதத்தைத் தந்தார். நிரந்தர வேலை. "போனவர் உன்னைப் புகழோ புகழென்று புகழ்ந்தார். உன் மனைவியின் கதையையும் சொன்னார். அதனால்தான்" என்றார். அப்போதுதான் அந்த 'நல்லா பேசிட்டேன்' என் மண்டைக்குள் சரியான தமிழில் இறங்கியது. கடவுளே! அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கடிதம் போய்விடும். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மனைவி வந்தாள். லண்டனிலேயே சட்டன் பக்கம் வீடு எடுத்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் குட்மேய்ஸில் ஒரு கல்யாண வீட்டில் அவரைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் நேரே வந்தார். மனைவிக்கு முன்னால் என் குட்டை உடைக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன் பாருங்கள், அப்போதும்!

முந்திக்கொண்டு, "அண்ணை, அண்டைக்கு ஸ்கொட்லாந்திலை நான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் தம்பி. வான்ல திரும்பி வரும்போதே கண்டுபிடிச்சிட்டேன். நாலாம் நம்பர் ஒவ்வொரு தடவையும் கூடிக்கிட்டே போயிருக்கு. மெழுகு தேயத் தேயத் தூரம் குறையணும், கூடக் கூடாது."

"தெரிஞ்சுமோ முதலாளியிட்டைச் சொல்லேல்லை?"

"எப்படிச் சொல்றது? உன் லெட்டர் அப்ப இன்னும் வரலையே."

பக்கத்தில் நின்ற மனைவி என் கையைத் தொட்டு, "ஆர் இவர்?" என்று மெல்லக் கேட்டாள்.

"உன்னை லண்டனுக்குக் கூப்பிட்டவர்" என்றேன்.