இருபத்தொன்றாம் நம்பர் பழமொழி

1. பஸ் செய்த உதவி

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் இருந்தது. அங்கே டீச்சர் வேலைக்கு நான் இன்டர்வியூ போன அன்று, பிச்சாட்டூரிலிருந்து வந்த பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் தாமதம். சென்டர் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏமம்மா, இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க வந்தவளுக்கு டைமுக்கு வரத் தெரியாதா?"

தாமதமானாலும் வந்து சேர்வதே மேல் என்று அர்த்தம் வருகிற ஆங்கிலப் பழமொழியை மூச்சு விடாமல் சொன்னேன். பத்தாம் வகுப்பு கைடில் இருந்த ஐம்பது பழமொழிகளும் எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். நைனா காசு கொடுத்து வாங்கிய கைடில் ஒரு வரியையாவது விட்டுவைப்பேனா?

முதலாளியின் முகம் மலர்ந்தது. "இன்னொண்ணு சொல்லு" என்றார். ஏழெட்டு சொன்னதும், "சரே, நாளைக்கே வந்துடு" என்றார்.

அந்த வெற்றிதான் பின்னால் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

2. நம்பர் போட்டது

அப்போது சத்தியவேடு பக்கம் வெளிநாட்டு கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. செல்போன் செய்யப் பெண்களை எடுக்கிறார்கள், இங்கிலீஷ் தெரிந்தால் உடனே வேலை என்று பேச்சு. என் முதல் பேட்ச்சில் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள். படித்தது தெலுங்கு மீடியம். ஆங்கிலத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதி, அர்த்தத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள்.

முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அஞ்சு பேராவது செலக்ட் ஆகணும். இல்லேன்னா உனக்கு பிச்சாட்டூர் பஸ்ஸுதான்."

எனக்கு வேலை வாங்கித் தந்தது இவர்களுக்கும் வாங்கித் தரும் என்று நினைத்தேன். ஐம்பது பழமொழிக்கும் நம்பர் போட்டு, எந்தக் கேள்விக்கு எது என்று பட்டியல் எழுதினேன். தாமதம் என்றால் நான்கு. சம்பளம் என்றால் பதினாறு. வேலையில் தவறு என்றால் இருபத்தொன்று.

ஒரு மாதத்தில் நம்பரே பாஷையாகிவிட்டது. யாராவது டீயைக் கொட்டினால், "முப்பத்திரெண்டு!" என்று வகுப்பே கத்தும். கொட்டிப்போனதற்கு அழாதே என்று பொருள். ஒருநாள் தேவகி புதுப் புடவையில் வந்தாள். ஆறு வருடம் நகரியில் பவர்லூம் ஓட்டியவள் அவள்.

"ஒம்போது!" என்றது பின் பெஞ்சு. மின்னுவதை எல்லாம் நம்பிவிடாதே என்பது ஒன்பது.

"போடி, நானே நெய்ஞ்ச புடவைடி இது. உன் வாய்க்கு இருபத்தஞ்சு!" என்றாள் தேவகி. பேச்சைக் குறை என்பது இருபத்தைந்து.

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3. பறவை பிடித்த நால்வர்

செல்போன் கம்பெனிக்கு இன்டர்வியூ எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் எங்கள் சென்டருக்கே வந்தார். நான் பெயர்ப் பட்டியலோடு வாசலில் நின்றேன். முதல் நான்கு பேரிடமும் எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார். நான்கு பேரும் பதினாறைச் சொன்னார்கள். புதரில் இருக்கும் இரண்டு பறவைகளைவிடக் கையில் கிடைத்திருக்கும் ஒரு பறவையே மேல் என்பது அது.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா இது, நாலு பேரும் அதே பறவையைப் பிடிச்சிட்டு வர்றாங்க?"

நான்கு பெயருக்கும் நேரே கோடு விழுந்தது. ஐந்தாவது, தேவகி.

"வேலை செய்யும்போது சின்னத் தப்பு ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்வாய்?" என்று மேடம் ஆங்கிலத்தில் கேட்டார். தேவகிக்குக் கேள்வி புரிந்தது. ஆனால் பயத்தில் பழமொழி பறந்துபோய் நம்பர் மட்டும் தங்கிவிட்டது.

"நம்பர் ட்வென்டி ஒன், மேடம்!"

மேடம் என்னைக் கூப்பிட்டார். "அது என்ன இருபத்தொண்ணு?"

சமயத்தில் போடும் ஒரு தையல் ஒன்பது தையலை மிச்சப்படுத்தும் என்கிற அந்த ஆங்கிலப் பழமொழியைச் சொன்னேன். அர்த்தம் கேட்டார். கைடில் போட்டிருந்த ஆங்கில விளக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்தேன்.

"அது சரி. அப்படின்னா என்ன?"

அதற்கு மேல் கைடில் ஒன்றும் இல்லை. தேவகிக்குப் பொறுக்கவில்லை.

"அக்காவ இன்னாத்துக்கு மேடம் கேக்கறீங்க, நான் சொல்றேன். தறி ஓடிக்கினு இருக்குது, ஒரு இழை அறுந்துபோச்சின்னு வெச்சிக்கோங்க. அப்பவே நிறுத்தி முடிச்சு போட்டா ஒரு நிமிசம். ஒரு இழைதானன்னு உட்டா ஒரு முழம் துணி பாழு. மேஸ்திரி நிறுத்தாதேன்னு கத்திக்கினே இருப்பாரு. நான் நிறுத்திடுவேன். ஆறு வருசமா நிறுத்திக்கினுதான் இருக்கறேன். இதான் மேடம் இருபத்தொண்ணு."

மேடம் பேனாவைக் கையில் எடுத்தார். "முன்னாடி போன நாலு பேரையும் கூப்பிடுங்க. தமிழோ தெலுங்கோ, அவங்க செஞ்ச வேலையைச் சொல்லட்டும்."

அன்று ஏழு பேர் செலக்ட் ஆனார்கள். நான் பஸ் ஏறவில்லை.

4. இப்போது

புதிதாக வகுப்பு எடுக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழமொழியைப் போர்டில் எழுதுவதற்கு முன், அதன் அர்த்தத்தைச் சொல்லி, "இது உனக்கு எப்ப நடந்துச்சு?" என்று ஒவ்வொருத்தியையும் கேளுங்கள். அவள் தன் கதையைச் சொல்லி முடித்த பிறகு ஆங்கிலத்தைக் கொடுங்கள். அப்புறம் அது மறக்காது.

"நாளுக்கு ஒண்ணுதானா? ஐம்பது எப்ப முடியும்?" என்று முதலாளி குறைபட்டுக்கொண்டார்.

"சார், உங்களுக்குப் பதிமூணு" என்றேன். பதறினால் காரியம் கெடும் என்று பொருள். அவர் என் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

போன மாதம் தேவகி போன் செய்தாள். இப்போது அவள் லைன் லீடர். "அக்கா, எங்க லைன்ல சின்னதா எதனா தப்பு தெரிஞ்சா, 'இருபத்தொண்ணு'ன்னு ஒரு கொரல் குடுப்போம். சூப்பர்வைசருக்கு அது இன்னான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. ஆனா ஓடிப்போய் மெஷின நிறுத்திடுவாரு."