அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள்

சுனாமி வந்த வருஷம் ஆவணியில் எனக்குக் கல்யாணம். கடலூர் துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த நான் சிதம்பரத்துக்கு மருமகளாகப் போனேன். அவர் ராணுவத்தில் இருந்தார். கல்யாணத்துக்கு வாங்கிய லீவு முடிந்ததும் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் லீவு நாட்களில்தான்.

லீவில் வந்தால் முதல் இரண்டு நாள் தூங்குவார். பிறகு வீட்டில் ஒழுகுகிற குழாய், ஆடுகிற கதவு எல்லாவற்றையும் சரி செய்வார். பேச்சு மட்டும் வராது. "அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டால், "குளிரும்" என்பார். "பயமா இருக்காதா?" என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல." போனில் பேசினாலும் சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா, அம்மாவுக்குக் கால்வலி எப்படி, அவ்வளவுதான். ரொம்பப் பேசாத மனிதர் என்று நானும் பழகிக்கொண்டேன். குழந்தை இல்லை. அவர் ஓய்வு பெற்று வந்த பிறகு சாவகாசமாக ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

காஷ்மீரில் ஒரு காட்டுப்பகுதியில் நடந்த சண்டையில் அவர் இறந்துபோனார். பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தெரு கொள்ளாத கூட்டம். துப்பாக்கியால் வானத்தில் சுட்டு மரியாதை செய்தார்கள். கொடியை மடித்து என் கையில் கொடுத்த கொஞ்ச நேரத்தில் டிவிக்காரப் பையன் ஒருவன் மைக்கை நீட்டி, "அவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்கம்மா" என்றான்.

"நல்லவரு" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. துக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். துக்கம் இருந்தது, உண்மைதான். ஆனால் நான் பேசாமல் நின்றது அதனால் இல்லை. சொல்வதற்கு என்னிடம் எதுவுமே இல்லை. அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு சுதந்திர தினம், குடியரசு தினம் வந்தால் பள்ளிக்கூடங்களில் கூப்பிடுவார்கள். தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு வருவேன். ஒரு தடவை முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் எழுந்து, "ஆன்ட்டி, அந்த மாமாவுக்கு என்னா புடிக்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

"நாட்டப் புடிக்கும்" என்றேன்.

அப்படி ஒரு கைதட்டல். அந்தப் பெண் மட்டும் தட்டவில்லை. அவள் கேட்டது அது இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ்ஸில் திரும்பும்போது யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

புயலில் போன கூரையைச் சரி செய்து முடித்திருந்த சமயம், ஒருவர் வாசலில் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். திட்டக்குடிப் பக்கம் ஊர், என் புருஷனோடு ஒரே பிரிவில் இருந்தவர் என்றார். அத்தை நாற்காலி போட்டார். அவர் அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"முன்னாலயே வந்திருக்கணும் அண்ணி. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றதுன்னுதான் வரல" என்றார். "கால்ல குண்டு பட்டு நான் கெடந்தேன். என்னை இழுக்கத்தான் அண்ணன் திரும்பி வந்தாரு. என்னைப் பாறைக்குப் பின்னால தள்ளிட்டாரு. அவரு வர்றதுக்குள்ள..."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்து, "கொள்ளிடம் பாலத்துல பஸ் போனா நீங்க இன்னமும் கண்ண மூடிக்குவீங்களா அண்ணி?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மளிகைக் கடையில பொட்டலம் கட்டிக் குடுத்த பேப்பரக்கூட விரிச்சு, நின்னுக்கிட்டே படிப்பீங்களாம். கோவம் வந்தா கழுவுன பாத்திரத்தயே திரும்பக் கழுவுவீங்களாம். அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"அவரா?"

"அவரு இருக்குற எடத்துல சிரிப்புக்குப் பஞ்சமே இல்ல. கண்டக்டர் மாதிரியே கத்துவாரு. 'முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், கடலூரு ஏறு ஏறு'ன்னு. பஞ்சாப்காரனுங்களுக்குக்கூட நம்ம ஊர் ஸ்டாப்பிங் எல்லாம் மனப்பாடம்."

என்னை அவர் இவ்வளவு பார்த்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லாமல் போனது. என் புருஷன் யார் என்று யாரோ ஒருவர் வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உடம்பு கூசிப்போனது.

"எங்கிட்ட ஏன் இப்படியெல்லாம் பேசல?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டிருக்கேன் அண்ணி. 'வீட்டுக்குப் போனா திரும்பக் கெளம்பணுமேங்கிற நெனப்பே பெருசா இருக்குடா. வாயத் தொறந்தா அதான் வந்துடும்னு பயம்'னாரு."

பிறகு அவர் தயங்கி, "என்னப் பத்தி அண்ணன் வீட்ல சொல்லியிருப்பாருல்ல?" என்றார்.

வந்தவர் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. "சொல்லாம இருப்பாரா? திட்டக்குடித் தம்பின்னுதான் சொல்வாரு" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அந்தப் பொய்க்காக மட்டும் நான் கூச்சப்படவில்லை.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தவர், "எங்கடா தம்பி, எம்புள்ள எப்படிக் கத்துவான், ஒருக்கா கத்திக் காட்டு" என்றார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு கத்தினார். குரல் பாதியில் உடைந்து கீச்சென்று போனது. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். மூன்று பேரும் அடக்கமுடியாமல் சிரித்தோம். எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். நான் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அத்தை என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "இன்னொருக்கா கத்துடா" என்றார்.