சமுத்திரம் பார்த்து எடுத்த பெல்ட்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் சமுத்திரம் பெயிண்டர். தண்ணீர்த் தொட்டியோ கூரைத் தகடோ, உயரமென்று வந்துவிட்டால் அவரும் கூட்டாளி மலைச்சாமியும்தான் ஏற வேண்டும். துணைக்கு ஒரு தேங்காய்நார்க் கயிறு. மற்றதெல்லாம் அவரவர் தலையெழுத்து.

எண்பத்தேழில் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து, உயரத்தில் ஏறுகிறவர்களுக்குப் பாதுகாப்பு பெல்ட் எங்கே என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். மேனேஜர் ராஜரத்தினம் சமுத்திரத்தைக் கூப்பிட்டார். "ஏறுறவன் நீதானய்யா, நீயே பாத்து எடு."

மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், நைனா முகமது கடையில் அரை நாள் உயிரை வாங்கினார். நைலான் கயிற்றை முறுக்குப் பிரித்துப் பார்த்தார். கொக்கியின் நாக்கு தானாக மூடுகிறதா என்று இருபது தடவை அமுக்கினார். கடைசியில் பெல்ட்டை இடுப்பில் மாட்டி, கடை விட்டத்தில் தொங்கியே பார்த்துவிட்டார்.

"கடைய இழுத்து எந் தலையில போட்ராதப்பா," என்று சிரித்தார் நைனா முகமது.

இரண்டு பெல்ட், ஒரு கயிறு. ஸ்டோர் ரிஜிஸ்டரில் 'சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே எல்லாவற்றையும் ஆபீஸ் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கேட்டால், "பெயிண்டு பட்டா பாழாப் போவும்லா? பொறவு இன்ஸ்பெக்டருக்கு என்னத்தக் காட்ட?" என்பார் மேனேஜர். ஆயுதபூஜைக்கு மட்டும் வெளியே வரும். சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பேருக்கும் மாட்டிவிட்டு, வருஷா வருஷம் ஒரு போட்டோ. மலைச்சாமி வயிற்றை எக்கிக்கொண்டு மாப்பிள்ளை கணக்காக நிற்பான்.

தொண்ணூற்றொன்று ஐப்பசியில், மழையில் ஊறி இற்றுப்போன நார்க்கயிறு தொட்டி மேலே அறுந்தது. மலைச்சாமிக்கு உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே போய்விட்டது.

நஷ்டஈடு கேட்டு அவன் பெண்டாட்டி மாடத்தி மனுப் போட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரணை. அவளுக்கு இருந்த ஒரே சாட்சி சமுத்திரம். முந்தின நாள் மேனேஜர் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, பார்த்துப் பேசச் சொன்னார். அத்தனை வருஷத்தில் ஆபீசில் அவருக்குக் கிடைத்த முதல் நாற்காலி அது.

மில் வக்கீல் ரிஜிஸ்டரை நீட்டினார். "கையெழுத்து உம்முடையதா?"

"ஆமாய்யா."

"நல்ல பெல்ட்தானே?"

"நானே தொங்கிப் பாத்து எடுத்ததுய்யா."

அடுத்து ஆயுதபூஜைப் போட்டோ. "மாட்டியிருப்பது மலைச்சாமிதானே?"

"ஆமா."

"அப்படியானால் விழுந்த அன்றைக்கு ஏன் மாட்டவில்லை?"

அலமாரி பூட்டிக் கிடந்தது. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் மறுநாள் மில் கேட்டைத் தாண்ட முடியாது. பாவி மனுஷன், "தெரியலைய்யா" என்றார்.

கொடுத்த பெல்ட்டை மாட்டாதது தொழிலாளியின் தப்பு என்று தீர்ப்பாயிற்று. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் மாடத்தி தேடி வந்து பக்கத்தில் நின்றாள். திட்டப்போகிறாள் என்று சமுத்திரம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் குரலே உயரவில்லை.

"நீங்க எடுத்தது நல்ல பெல்ட்டுதான் அண்ணே. மொதலாளியக் கீழ விழாமக் காப்பாத்திட்டுல்லா."