நகல் தராத லைப்ரரி

அந்த நீலச் சட்டையின் லேபிள்கூடப் பிரிக்கப்படவில்லை. நிவாரணமாக வந்த துணி மூட்டையிலிருந்து மகனுக்காகப் பொறுக்கி எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்தார் அண்ணனின் அக்கா. அண்ணன் என்று நான் சொல்வது, இடையஞ்சாவடி அருகே ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் எனக்கு டீம் லீடராக இருந்தவரை. அவருடையது மரக்காணத்தில் உப்பளக் கூலி வேலை பார்த்த குடும்பம். அக்காவைக் கடலோரத்து அனுமந்தையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடற்கரையில் கிரிக்கெட் விளையாடப் போன அக்காவின் பையன் வீடு திரும்பவில்லை. அவன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் இருப்பதாக எங்கள் கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது. அதனால்தான் அந்தப் பயணம்.

அண்ணன் எழுதிய தமிழ் லைப்ரரி என்ற புரோகிராம் தொகுப்பை நம்பித்தான் எங்கள் ஆபீஸ் ஓடியது. தமிழ்ப் பெயர்களை எடுப்பது, வரிசைப்படுத்துவது போன்ற வேலைகளை மற்ற புரோகிராம்கள் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்ட பெயரை அது தனக்குள்ளே ஓர் இடத்தில் எழுதி, அந்த இடத்தையே வெளியாருக்கு, அதாவது கேட்ட புரோகிராமுக்கு, காட்டிவிடும். நகல் எடுத்துத் தராது. எடுத்தால் கம்ப்யூட்டரின் மெமரி வீணாகுமாம், வேகமும் குறையுமாம். டீக்கடையில் எல்லாருக்கும் தாராளமாக வாங்கித் தருகிற மனிதர், மெமரி விஷயத்தில் மட்டும் மகா கஞ்சர். "ஒரே எடம்பா, எத்தினி பேரு வேணா எழுதிக்கலாம்" என்பார் பெருமையாக. அடுத்த பெயரைக் கேட்டால் அதே இடத்தில் பழைய பெயர் அழிந்து போகும் என்பதை நாங்கள் யாரும் ஆபத்தாக நினைக்கவில்லை.

காணாமல் போனவர்களைத் தேட அந்த வாரம் அவசரமாக ஒரு புரோகிராம் எழுதினோம். அதே வயதில் ஆஸ்பத்திரியில் இருப்பவரின் பெயரை முதலில் லைப்ரரியிடம் வாங்கும். அடுத்துத் தேடப்படுபவரின் பெயரை வாங்கும். இரண்டும் ஒன்றா என்று பார்க்கும். ஆனால் இரண்டாவதை வாங்கிய நொடியே அது முதல் பெயரின் மேல் எழுதப்பட்டுவிடும். பிறகு இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கும்? சோதிக்காமல் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவருடைய பெயரைப் போட்டோம், இருக்கிறார் என்று வந்தது. அங்கே இல்லாத ஒரு பெயரைப் போட்டுப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்த வாரத்தில் யாருக்குத்தான் வரும்?

அடுத்ததாக அண்ணன், அக்கா மகனின் பெயரையும் வயதையும் போட்டார். அதே வயதுப் பையன் ஒருவனுடைய வார்டும் கட்டிலும் திரையில் வந்தன, பக்கத்தில் எங்கள் பையனின் பெயர். அண்ணன், அக்கா தங்கியிருந்த நிவாரண முகாமுக்கு ஓடினார். "இருக்கான்கா! நம்ம புரோகிராம் சொல்லிச்சி, அது பொய் சொல்லாது" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டிலில் வேறொரு தாயின் பிள்ளை படுத்திருந்தான். அக்கா அழவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றவர், சட்டையை அவன் கால்மாட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தார். அண்ணனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் லைப்ரரியை இரண்டாகப் பிரிக்க உட்கார்ந்தார். பெயர்களைக் கையாளும் உள்வேலை தனி, வெளியார் கூப்பிடும் வாசல் தனி. உள்ளே இருக்கும் எழுத்து எதுவும் இனி வெளியார் கண்ணில் படாது. கேட்டவருக்குச் சொந்தமாக ஒரு நகல் போகும். வேகம் போய்விட்டதே என்று மேனேஜர் குறைப்பட்டார். அண்ணன் "போவட்டும் சார்" என்றதோடு சரி. இன்று சென்னையில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் இதைப் பாலபாடமாகப் படித்துவிட்டு வருகிறார்கள். இதுகூடத் தெரியாமலா எழுதினார்கள் என்று அவர்கள் சிரிக்கும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது.

பிரிக்கும் வேலை முடிந்தபோது, மரக்காணத்தில் சேறு மூடிய உப்பளப் பாத்திகளைச் சரிசெய்து மறுபடியும் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கியிருந்தார்கள். பையனின் உடல் கிடைக்கவேயில்லை. ஒருநாள் அக்கா ஆபீசுக்கு வந்தார். "இன்னொரு வாட்டி பாருடா" என்றார். அண்ணன் பெயரைப் போட்டார். இல்லை என்று வந்தது. அன்று என்ன தவறு நடந்தது, அதை எப்படிச் சரிசெய்தார் என்பதையெல்லாம் அக்காவிடம் மெதுவாக எடுத்துச் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டார்.

"அன்னிக்கி இருக்கான்னுதானே சொல்லிச்சி? அதப் போயி ஏன்டா மாத்துன?"

அண்ணன் மறுபடியும் அந்தப் பெயரை டைப் செய்தார்.