சூடு வச்சாங்க

நீதிமன்றத்தில் தமிழை மலாய்க்கும் மலாயைத் தமிழுக்கும் மாற்றிச் சொல்வது என் வேலை. சிலிபினில் என் வீட்டுக்கு எதிரே இருக்கும் தோசைக் கடைக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் ஈப்போவில் எந்த வழக்கு நடந்தாலும், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வருவதற்கு முன்னால் எனக்குக் கேள்வி வந்துவிடும்.

அந்த வழக்கின்போது கேட்கவே வேண்டாம். ஜெலாப்பாங்கில் தன் வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண், ஐந்து வயதுச் சிறுமியின் கையில் சூடு வைத்ததாகப் புகார். முதலில் அந்தப் பெண்ணைச் சும்மா விடக் கூடாது என்றது கடை. பிறகு வாட்சப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. அவர் தங்கமானவர், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வளர்த்தவர் என்று யாரோ அதில் அழுதார்கள். அன்றோடு கடை கட்சி மாறிவிட்டது.

"அம்மாக்காரிதான் கரண்டியக் காய வச்சு இழுத்திருப்பா. புருசன் இல்லாதவ லா," என்றார் தோசை சுடும் அண்ணன். "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுண்ணே. சாம்பார் கொஞ்சம் ஊத்துங்க."

கரண்டி என்று முதலில் சொன்னது யாரோ தெரியாது. ஊரே கரண்டி என்றது. தாய் போலீசில் கொடுத்த புகாரிலும் கரண்டிதான்.

விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படாதபடி திரை வைத்து, சிறுமியை உட்கார வைத்தார்கள். நீதிபதி அவளிடம் பொய் என்றால் என்ன என்று கேட்டார்.

"மைலோ குடிக்காம, குடிச்சிட்டேன்னு சொன்னா பொய்."

நீதிபதி சிரித்துவிட்டார். ஆண்ட்டி வீட்டில் என்ன நடந்தது என்று அடுத்துக் கேட்டார்கள்.

"ஆண்ட்டி சூடு வச்சாங்க."

அந்தப் பெண்ணின் வழக்கறிஞர் எழுந்தார். "சூடு வச்சிடுவேன்" என்பது தமிழ் வீடுகளில் சாதாரண மிரட்டல், தழும்பு வேறெங்கோ பட்டதாக இருக்கலாம், மிரட்டலைக் கேட்டதையே பிள்ளை நடந்ததாக நினைத்திருக்கலாம் என்றார். அப்படி மிரட்டும் பழக்கம் உண்டா என்று நீதிபதி என்னைக் கேட்டார். உண்டு. என் அம்மா ஓயாமல் அப்படித்தான் மிரட்டுவார், ஒரு முறைகூட வைத்ததில்லை. உண்டு என்றே சொன்னேன். அந்தப் பதில் யாருக்குச் சாதகம் என்று பார்ப்பது என் வேலையில்லை.

வழக்கறிஞர் தொடர்ந்தார். "கரண்டின்னு அம்மாதானே சொல்லிக் குடுத்தாங்க?"

"அம்மா கரண்டின்னாங்க. கரண்டி இல்ல. சட்டியப் புடிக்குமே, அது."

இரண்டு விரல்களைச் சேர்த்துச் சேர்த்துப் பிரித்துக் காட்டினாள். இடுக்கி என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. அவள் சொல்லாததை நான் சொல்லக் கூடாது. "சட்டியைப் பிடிப்பது" என்று மட்டும் மலாயில் சொன்னேன். நீதிபதி விரல்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

அடுத்த விசாரணைக்கு டாக்டர் வந்தார். சிறுமி பேசியதைக் கேட்டிராதவர். அவர் சொல்லச் சொல்ல, குற்றவாளிக் கூண்டின் பக்கம் நின்று அந்தப் பெண்ணுக்குத் தமிழில் மெதுவாகச் சொன்னேன்.

"ரெண்டு சின்னக் கோடு, பக்கத்துல பக்கத்துல. கரண்டி பட்ட தழும்பு மாதிரி இல்லைங்கிறாரு."

அதுவரை நான் பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைக் குனிந்துகொண்டார்.

சிறைத் தண்டனை கிடைத்தது. ஊர் சொன்னதிலிருந்தும் தாய் சொன்னதிலிருந்தும் பிள்ளை மாறுபட்டாள், டாக்டரோடு ஒத்துப்போனாள் என்பதை நீதிபதி தீர்ப்பில் எடுத்துச் சொன்னார். மேல்முறையீடு செய்யப்போவதாக வழக்கறிஞர் அங்கேயே சொல்லிவிட்டார்.

"நாங்க மொதல்லயே சொன்னோம் லா," என்றது கடை. சொன்னார்கள்தான், எதிர்மாறாகவும் சொன்னார்கள். டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் வீட்டுக்குப் போயிருப்பார். அதையும் இதே குரலில்தான் நான் சொல்லியிருப்பேன்.

தீர்ப்பன்று வெளிப் படிக்கட்டில் அந்தத் தாய் என்னை நிறுத்தினார்.

"அவ சட்டியப் புடிக்கிறதுன்னு வீட்டுலயும் சொன்னா, அக்கா. ஒளறாதடி, கரண்டின்னு சொல்லுன்னு நான்தான் திருத்துனேன். கேட்டாளா பாருங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சிறுமி அவர் கையைப் பிடித்து, ஐஸ் போட்ட செண்டோல் விற்கும் வண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.