நடுக் கிளாஸில் இருந்த தண்ணீர்

அந்தப் படம் இப்போது என் கைப்பேசியில் இல்லை. பணி ஓய்வு பெற்ற வாரத்தில், இடம் போதவில்லை என்று அது நச்சரித்துக்கொண்டே இருந்ததால், பிள்ளைகள் அனுப்பிய வீட்டுப்பாடப் படங்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் அழித்துவிட்டேன். ஆனால் அதில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். துணி துவைக்கும் சிமெண்டுக் கல்லின்மேல் வரிசையாக மூன்று கண்ணாடிக் கிளாஸ்கள். இடப்பக்கம் இளஞ்சிவப்பு, வலப்பக்கம் பச்சை, நடுவில் ஊதா. படத்தின் ஓரத்தில் ஒரு சிறுமியின் விரல் நடுக் கிளாஸைச் சுட்டிக்கொண்டிருக்கும். அந்த விரலை நான் அன்று பொருட்படுத்தவில்லை.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு போட்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த நான், வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே பாடம் நடத்தினேன். செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்க விடுவது, ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு முளைக்க வைப்பது, எரியும் மெழுகுவர்த்தியின்மேல் கிளாஸைக் கவிழ்ப்பது. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சங்குப்பூச் சோதனை. இந்தப் பக்கம் வேலிக்கு வேலி படர்ந்து கிடக்கும் பூதான். பத்துப் பூவைப் பறித்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் நீலச் சாறு இறங்கும். அதை மூன்று கிளாஸ்களில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பாகும், இன்னொன்றில் சவர்க்காரத் தண்ணீர் சேர்த்தால் பச்சையாகும். நடுவில் இருப்பதை ஒன்றும் செய்யாமல் அப்படியே விடவேண்டும். அது நீலமாகவே இருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள், ஆனால் என்னைப்போல் விடையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

வகுப்பில் எல்லாரும் நீலம் என்று எழுதி அனுப்பினார்கள். அவர்களில் எத்தனை பேர் பூவைத் தொடாமலே எழுதினார்களோ, நான் விசாரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் ஊதா என்று எழுதியிருந்தாள். புக்கிட் ரோத்தானுக்குப் போகும் வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தனி வீட்டுப் பிள்ளை. அவளுடைய அம்மா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்தார். வாய் ஓயாமல் கேள்வி கேட்கும் பிள்ளை என்பதால் எனக்கு அவள்மேல் தனிப் பிரியம் உண்டு. மாவட்ட அறிவியல் போட்டிக்கு அவள் பெயரைத்தான் கொடுக்க நினைத்திருந்தேன். அதனாலேயே அந்த ஊதா எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. அந்த விடையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கரண்டியைக் கழுவிவிட்டு மறுபடி செய் என்று அனுப்பினேன்.

மறுநாளும் ஊதா. அதற்கு மறுநாளும் ஊதா. மூன்றாவது படத்தோடு ஒரு குரல் பதிவும் வந்தது. "டீச்சர், பொய் இல்ல டீச்சர். நான் என் கண்ணால பாத்தேன்." கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று நான் பதில் போட்டேன். பழமொழியில் மூன்றாவதாக ஒரு வரி இருப்பது அன்றைக்கு என் நினைவுக்கு வரவில்லை. தீர விசாரிப்பதே மெய் என்பதை ஒவ்வொரு ஆண்டும் முதல் பாடத்தில் கரும்பலகையில் எழுதிப் போடுகிற ஆள் நான்.

அன்று மாலையே அவள் அம்மா கூப்பிட்டார்.

"டீச்சர், மன்னிச்சுக்கோங்க. நானும் பக்கத்துல நின்னுதான் பாத்தேன். கரண்டிய நானே சுடுதண்ணில கழுவிக் குடுத்தேன். அப்பவும் ஊதாவாத்தான் வருது. பைப்புத் தண்ணி எங்க பக்கம் சரியா வர்றதில்ல, சமையலுக்கே பத்தல. இவ கெணத்துத் தண்ணிலதான் செய்றா. அந்தத் தண்ணி அப்படியோ என்னமோ."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "தண்ணி எங்க எடுத்தாலும் தண்ணிதாம்மா. எலுமிச்சம்பழம் பட்ட கையோட தொட்டிருப்பா. கை சுத்தம் பத்தல. இன்னொரு தடவ ஒழுங்கா செய்யச் சொல்லுங்க, நீலம் வந்தா போட்டிக்கு அவ பேரக் குடுக்கறேன்." நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. செம்பனை மரத்தடியில் குனிந்து நிமிர்கிற ஒரு பெண் சொன்னது அறிவியலாக இருக்கும் என்று நான் எண்ணவே இல்லை. இதை வேறு எப்படிப் பூசி மெழுகினாலும் உண்மை இதுதான்.

இரண்டு நாள் கழித்து நீலம் வந்தது. அப்படியொரு நீலம். முழு மதிப்பெண் போட்டேன், போட்டிக்கு அனுப்பினேன், பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது. பள்ளி திறந்தபின் ஆறாம் ஆண்டில் அவள் அமைதியாகிவிட்டிருந்தாள். சோதனை செய்யும்போது பக்கத்துப் பிள்ளையின் கிளாஸை எட்டிப் பார்த்துவிட்டு, நான் கரும்பலகையில் விடை எழுதும்வரை காத்திருந்து, அதன்பிறகே தன் ஏட்டில் எழுதுவாள். பிள்ளை பக்குவப்பட்டுவிட்டாள் என்று ஆசிரியர் அறையில் நானே பெருமையாகச் சொன்னேன்.

ஓய்வுக்குப்பின் புக்கிட் ரோத்தானில் வீடு வாங்கி வந்தேன். வாசலில் வைத்த செடி ஒன்றும் பிழைக்கவில்லை. நாற்று விற்கும் கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். அவர் என் படிப்பைக் கண்டு அசரவில்லை. "இந்தப் பக்கம் மண்ணே புளிப்பு லா டீச்சர். சுண்ணாம்பு போடாம எப்படி வரும்? கெணத்துத் தண்ணிகூட சில எடத்துல புளிப்புதான். பாக்கப் பளிங்காட்டம் இருக்கும், செடிக்கு ஊத்தினா போச்சு." கையில் சுண்ணாம்புப் பையோடு கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். மண்ணில் அமிலம் இருக்கும், அமிலத்தில் சங்குப்பூச் சாறு நிறம் மாறும். இரண்டையும் தனித்தனிப் பாடமாக முப்பது ஆண்டுகள் நடத்தியவள், ஒருமுறைகூட இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு முடி நன்றாக நரைத்திருந்தது. வாங்க டீச்சர் என்று முகம் மலர வரவேற்று, டீ போட உள்ளே போகப் பார்த்தவரை நிறுத்தி, கொஞ்சம் கிணற்றுத் தண்ணீரும் மூன்று கிளாஸும் கேட்டேன். வேலியில் பூ இருந்தது. அதே துவைக்கும் கல்லில் வைத்து நானே ஊறவைத்தேன். நீலம் இறங்கவில்லை. ஊதாதான் இறங்கியது. எலுமிச்சையும் சவர்க்காரமும் கலந்து மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

"உங்க மக சொன்னதுதான் சரிம்மா. நீங்க சொன்னதும் சரி. உங்க தண்ணி புளிப்புத் தண்ணி. நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் பாதைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அப்ப ரெண்டு நாளா அழுதா. சோறு எறங்கல. கை சுத்தம் இல்லன்னு டீச்சர் சொல்லிட்டாங்கன்னு சவுக்காரம் போட்டுத் தேச்சுத் தேச்சுக் கைய கழுவுறா. எனக்கு மனசு கேக்கல. படம் புடிக்க போன எடுத்துட்டு வர அவ உள்ள போனப்ப, ஸ்கூல் சட்டைக்குப் போடுற நீலத்துல ரெண்டு சொட்டு அந்த நடு கிளாஸ்ல விட்டுட்டேன். வந்து பாத்துட்டு குதிச்சா பாருங்க! எப்படி டீச்சர் சொல்றது? இன்னிவரைக்கும் அவளுக்குத் தெரியாது."

அந்தப் பெண்ணை அந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது நான். எய்தவள் நானிருக்க அம்பை நோக எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அந்த நேரத்தில் மகள் வந்தாள், கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருநீறோடு. நான்காம் படிவம், அதாவது பத்தாம் வகுப்பு, படிக்கிறாளாம். என்னைவிட உயரம். கல்லின்மேல் இருந்த கிளாஸ்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "இன்னும் இத விடலயா டீச்சர் நீங்க?" அறிவியல் பிரிவா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், அக்கவுன்ட்ஸ். சயின்ஸ் எனக்கு ஒத்துவராது. நான் செஞ்சா எதாச்சும் சொதப்பிரும். ஞாபகம் இருக்கா, இது நீலமா வர்றதுக்கே எனக்கு நாலு தடவ ஆச்சு." கேலியாகத்தான் சொன்னாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதானே வந்தேன். சொன்னேன். மண்ணின் புளிப்பைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் விளக்கி, நீ ஊதா என்று எழுதியதுதான் சரியான விடை, வகுப்பிலேயே தன் வீட்டுத் தண்ணீரை உள்ளபடி பார்த்தவள் நீதான், டீச்சர் அதைத் தப்பு என்றது பெரிய தவறு, என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றது. நடுக் கிளாஸைத் தூக்கி வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பதினொரு வயதில் எப்படிப் பார்த்திருப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு கேட்டாள். "அப்ப கடைசித் தடவ மட்டும் எப்படி டீச்சர் நீலமா வந்துச்சு? அதுவும் இதே தண்ணிதானே?"

என் வேலைக்காலம் முழுவதும் எந்தப் பிள்ளையாவது இப்படி ஒரு கேள்வி கேட்காதா என்று ஏங்கியிருக்கிறேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தது.

"டீ போட்டுக் கொண்டாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார். மகள் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.