நான் சொல்லியிருக்கக் கூடாத சாட்சி

1. எங்கள் தொழிற்சாலையில் முதல் ஆட்குறைப்புப் பட்டியல் வந்தது. என் பெயர் அதில் இல்லை.
2. அந்த ஞாயிறு சபையில் எழுந்து சாட்சி சொன்னேன்.
3. மூன்று மாதம் கழித்து இரண்டாவது பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது.
4. அதன்பின் சபைக்குப் போவதை நிறுத்தினேன்.

சோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக ஆறு வருடம் இருந்தேன். கணினிச் சில்லுகளை இயந்திரத்தில் பொருத்தி, தேறியது எது, தேறாதது எது என்று பிரிப்பது என் வேலை. எதையும் அப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்ததாக இருக்கலாம்.

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன்பு சாட்சி நேரம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். நன்றியோடுதான் முடிக்க வேண்டும். இன்னும் முடியாத கஷ்டத்தைச் சொல்ல யாரும் எழுந்திருப்பதில்லை. அன்று நான், "அந்தப் பட்டியல்ல என் பேரு இல்ல. கர்த்தர் என்னைக் கைவிடல" என்றேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அக்காவும் சொன்னார். அவர் எங்கள் தொழிற்சாலையிலேயே ஆப்பரேட்டர். முதல் பட்டியலில் அவர் பெயர் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசினேன்.

என் வேலை போன பிறகு, மூன்றாவது ஞாயிறு காலையில், அந்த அக்கா ஜெலுத்தோங் பகுதியில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் வந்து நின்றார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்னாமா, சர்ச் பக்கமே காணோம்?"

"வந்து என்னாக்கா சாட்சி சொல்றது?"

"உன்னைய யாரு பேசக் கூப்டா? வந்து சும்மா உக்காரு லா. பேன் காத்தாச்சும் கெடைக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

"ஆமா. சொல்லியிருக்கக் கூடாது."

பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"வீட்டுக்குப் போயி ஆண்டவர்கிட்ட சண்ட போட்டேன். அவ பேரு மட்டும்தான் உமக்குத் தெரியுமா, என் பேரு தெரியாதான்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, மறுநாளும் அவர்கிட்டதானே அழணும். வேற யாருகிட்டப் போறது? கெளம்பு, லேட்டாச்சு."

மோட்டார் சைக்கிளில் அவர் பின்னால் உட்கார்ந்து போகும்போது அழுதேன். நிர்வாகம் தயாரித்த ஒரு பட்டியலை வைத்து ஆண்டவரின் அன்பை அளந்திருக்கிறேன். பெயர் இல்லாததை அவருடைய அன்பு என்றால், பெயர் வந்ததை என்னவென்பது? இந்தக் கேள்வியை அக்கா மூன்று மாதம் தனியாகச் சுமந்திருக்கிறார், அதுவும் என்னால். ஆனாலும் அவர் ஒரு ஞாயிறுகூடச் சபைக்கு வராமல் இருந்ததில்லை.

இப்போதைய நிலை இது. எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அக்கா ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை செய்கிறார். முன்பு வாங்கிய சம்பளத்தில் பாதிதான். இரண்டு நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தேன், பதில் இல்லை. காலையில் எழுந்ததும் பயம் வருகிறது. அந்தப் பயத்தோடுதான் ஜெபிக்கிறேன். ஆண்டவர் என்னைப் பிடித்திருக்கிறார் என்று நம்புகிறேன். அதற்கு ஆதாரம் எதையும் இப்போது தேடுவதில்லை.